இசபெல்லா கற்றுக்கொடுத்த மலாய்மொழி

சனி, ஞாயிறுகளில் கேமரன் மலைக்கு வந்தவர்களுக்குக் கியா பார்ம் சந்தையின் சாலை நெரிசல் நன்றாகவே நினைவிருக்கும். பிரிஞ்சாங்கைத் தாண்டிக் கம்போங் ராஜாவுக்குப் போகும் வழியில், கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலே, சாலையோரமாக வரிசையாய் நிற்கும் கடைகள். முட்டைக்கோஸ், சோளம், ஸ்ட்ராபெரி, தேன் என்று எல்லாம் அங்கே கிடைக்கும். அந்த வரிசையில் ஒரு கடை என் அப்பாவுடையது. நான் வளர்ந்தது அந்தக் கடைக்குப் பின்னால், காய்கறிக் கூடைகளுக்கு நடுவில்தான்.

1998-ஆம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். தேர்வில் எனக்குத் தமிழில் ஏ. மலாய்மொழித் தாள்கள் இரண்டிலும் டி. அதனால் என்னோடு தமிழ்ப்பள்ளியில் படித்த பலர் நேராகப் படிவம் ஒன்றுக்குப் போக, நான் புகுமுக வகுப்பில் உட்கார்ந்தேன். ஓராண்டு தாமதம் என்பது பெரியவர்களுக்குச் சிறிய விஷயமாக இருக்கலாம். பதின்மூன்று வயதுப் பையனுக்கு அப்படி இல்லை. பள்ளிப் பேருந்தில் பழைய நண்பர்களுக்குப் பக்கத்தில் உட்காராமல், பின்னால் போய்த் தனியாக உட்காருவேன்.

அந்த ஆண்டுப் பள்ளி விடுமுறையில் ஒரு நாள் கடைக்கு ஒரு மலாய்க் குடும்பம் வந்தது. என் வயதுள்ள மகள், இரண்டு ஸ்ட்ராபெரிப் பெட்டிகளைக் காட்டி, ஒன்று ஏன் விலை கூடுதல் என்று மலாயில் கேட்டாள். எனக்குப் பதில் தெரியும். ஒன்று அன்று காலையில் பறித்தது, பழமும் பெரியது. மற்றொன்று முந்தைய நாள் பறித்தது. அதைச் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. விரலை நீட்டி விலையைக் காட்டினேன். மறுபடியும் கேட்டாள். மறுபடியும் விரலைக் காட்டினேன். அவள் அம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "பரவாயில்லை" என்று மகளிடம் சொல்லி, பக்கத்துக் கடைக்கு அழைத்துப் போய்விட்டார். எனக்குப் பேச்சு வராது என்று நினைத்திருப்பார் போலும்.

அப்பா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது ஒன்றும் சொல்லவில்லை. இரவு சாப்பிடும்போதுதான் சொன்னார்: "இன்னும் ஒரு வருஷம் பாப்போம்ப்பா. வரலன்னா கடையிலேயே நின்னுரு. தப்பு ஒன்னும் இல்ல." அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அன்பாகச் சொன்னதுதான் உறுத்தியது.

லோரியில் வந்த பாடல்

எங்கள் காய்கறிகள் இரவில் லோரி ஏறிக் கோலாலம்பூர் செலாயாங் மொத்தச் சந்தைக்குப் போகும். லோரி ஓட்டி வந்தவர் கிளந்தான்காரர். எல்லாரும் அவரைப் 'பாக் சு' என்றுதான் அழைப்போம். கூடைகளை ஏற்றி முடிக்கும் வரை லோரியின் கேசட் பாடிக்கொண்டே இருக்கும். பெரும்பாலும் ஒரே கேசட். அதிலும் ஒரு பாடல் வந்தால் பாக் சு கூடையைக் கீழே வைத்துவிட்டு நின்று கேட்பார். மெதுவாகத் தொடங்கும். போகப் போக கிதாரும் டிரம்மும் சேர்ந்து, பாடகரின் குரல் உச்சிக்குப் போகும். மூடுபனியில் அந்தக் குரல் எங்கோ மலை முகட்டிலிருந்து வருவதுபோல இருக்கும்.

ராகம் எனக்கு மனப்பாடம். வார்த்தைகளில் 'இசபெல்லா' என்ற பெயரைத் தவிர எதுவும் விளங்கவில்லை. ஒரு நாள் நான் முணுமுணுத்ததைக் கேட்ட பாக் சு, "அர்த்தம் தெரியுமா?" என்றார். தலையாட்டினேன். அவர் சிரித்துவிட்டுக் கேசட் பெட்டியிலிருந்து மடிந்துபோன பாடல் தாளை எடுத்துக் கொடுத்தார். "அடுத்த வாரம் எனக்கு அர்த்தம் சொல்லு. சொன்னால் கேசட்டும் உனக்கே."

எந்தப் பாடல் இது?

மலேசியாவில் 'இசபெல்லா' தெரியாதவர்கள் குறைவு. ஆனாலும் இன்றைய மாணவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். 'செர்ச்' என்ற இசைக்குழு 1981-இல் ஜொகூர் பாருவில் உருவானது. பாடகர் ஏமி. 1985-இல் முதல் ஆல்பம் வந்தது. கனமான கிதார், நீண்ட முடி, தோல் சட்டை என்று மேலைநாட்டு ஹெவி மெட்டல் குழுக்களின் பாணியில் மலாயில் பாடிய குழுக்களில் இவர்களே முன்னணியில் நின்றார்கள். அந்தப் பாணிக்கு நம் நாட்டில் 'ராக் காப்பாக்' என்று பெயர் விழுந்தது. காப்பாக் என்றால் கோடரி.

1989-இல் 'ஃபெனோமெனா' ஆல்பம் வந்தது. அதில்தான் 'இசபெல்லா' இருந்தது. பாடல் வரிகளை எழுதியவர் பாப் லோக்மான். ஆல்பத்தைத் தயாரித்தவர் எம். நாசிர், அவர் சிங்கப்பூரில் பிறந்தவர். குழுவின் கிதார் கலைஞர்களில் ஒருவர் ஹிலரி ஆங், சீனர். இந்தப் பாடல் மலேசியாவில் மட்டும் ஒலிக்கவில்லை. கடல் தாண்டி இந்தோனேசியாவிலும் பெரும் வெற்றி பெற்றது. ஜொகூரில் பிறந்த குழு, சிங்கப்பூரில் பிறந்த தயாரிப்பாளர், சீனக் கிதார் கலைஞர், இந்தோனேசிய ரசிகர்கள், கிளந்தான் லோரி ஓட்டுநர், கியா பார்மில் ஒரு தமிழ்ப் பையன். இது யாருடைய பாடல் என்று கேட்டால் என்ன சொல்வது?

பாடலின் கதை எளிமையானது. இரு வேறு உலகங்களைச் சேர்ந்த இருவர் காதலிக்கிறார்கள். வழக்கங்கள் வேறுபடுவதால் பிரிகிறார்கள். அவ்வளவுதான்.

இரைச்சல் என்று ஒதுக்கலாமா?

"அது என்னடா, கத்துறானுங்க" என்று அப்பா கேட்பார். ஹெவி மெட்டலைப் பற்றி உங்கள் வீட்டிலும் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் அந்த இரைச்சலுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. மின்கிதாரின் ஒலியை ஒலிபெருக்கி தாங்கும் அளவுக்கு மேல் ஏற்றினால், ஒலி அலையின் முகடுகள் வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலையில் முன்பு இல்லாத மேல் அதிர்வெண்கள் புதிதாகச் சேரும். நம் காதுக்கு அது கரகரப்பாகவும் கனமாகவும் கேட்கிறது. அந்தக் கரகரப்பில் பல சுரங்களை ஒன்றாக மீட்டினால் குழம்பிவிடும். ஆகவே மெட்டல் கலைஞர்கள் பெரும்பாலும் இரண்டே சுரங்களைச் சேர்த்து மீட்டுகிறார்கள்: அடிச்சுரமும் அதற்கு ஐந்தாவது சுரமும். நம் முறையில் சொன்னால் 'ச'வும் 'ப'வும். கோயில் பஜனையில் சுருதிப் பெட்டி விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் அதே இரண்டு சுரங்கள்தான்.

இந்த இசை பிறந்த இடமும் மேட்டுக்குடி மாளிகை இல்லை. இங்கிலாந்தின் பர்மிங்காம் தொழில் நகரம். 'பிளாக் சபாத்' குழுவின் கிதார் கலைஞர் டோனி அயோமி பதினேழு வயதில் உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். இயந்திரத்தில் சிக்கி வலக்கையின் இரண்டு விரல் நுனிகள் போயின. அவர் இடக்கைப் பழக்கம் உள்ளவர். தந்தியை அழுத்தும் கையே அந்தக் கைதான். பிளாஸ்டிக் போத்தலை உருக்கி, விரலுக்கு மூடி செய்து மாட்டிக்கொண்டு, மெல்லிய தந்திகளைக் கட்டி மறுபடியும் வாசிக்கக் கற்றார். 1970-இல் வந்த அவர்களின் 'பாரனாய்ட்' இன்றும் உலகம் முழுவதும் ஒலிக்கிறது. பிற்காலத்தில் இதைப் படித்தபோது, சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக் காய்த்துப்போன என் பாட்டியின் விரல்கள்தாம் என் நினைவுக்கு வந்தன.

எல்லா மெட்டல் பாடலும் வேகமாகவே இருக்காது. இத்தகைய குழுக்கள் மெதுவாகத் தொடங்கி, மெல்ல மெல்லக் கனத்து, உச்சத்தில் முடியும் சோகப் பாடல்களையும் பாடுகின்றன. ஜெர்மனியின் 'ஸ்கார்பியன்ஸ்' குழு 1984-இல் வெளியிட்ட 'ஸ்டில் லவிங் யூ' இதற்கு நல்ல உதாரணம். அவர்களுக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை என்பதையும் கவனியுங்கள். 'இசபெல்லா'வும் இந்த வகைதான். மொழி கற்பவனுக்கு இந்த அமைப்பு ஒரு வரம். வேகம் குறைவு, ஒவ்வொரு சொல்லும் தனியாகக் காதில் விழும். பல்லவி திரும்பத் திரும்ப வரும். ஆசிரியரிடம் ஒரு வாக்கியத்தைப் பத்து முறை சொல்லச் சொன்னால் அவருக்கும் அலுக்கும், நமக்கும் வெட்கம். பாடகருக்கு அலுக்காது.

அகராதியில் கிடைத்த உறவுகள்

பாக் சு கொடுத்த தாளை வைத்துக்கொண்டு அன்றிரவு மலாய் அகராதியைத் திறந்தேன். ஒவ்வொரு சொல்லாகத் தேடி, தமிழில் பக்கத்தில் எழுதினேன். 'கெரானா' என்றால் 'காரணத்தால்' என்று எழுதியபோது கை நின்றது. கெரானா, காரணம். இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. 'செத்தியா' என்றால் விசுவாசமான, வாக்கு மாறாத. சத்தியம்! 'பேஸா' என்றால் வேறுபாடு. பேதம்! 'சிந்தா' என்றால் காதல். இதற்கு மட்டும் எனக்குத் தமிழில் ஒன்றும் தோன்றவில்லை.

பாட்டி அடுப்பங்கரையில் இருந்தார். "பாட்டி, சிந்தான்னு நம்ம பேச்சுல ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டேன். பாட்டி பள்ளிக்கூடம் போனதில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "சிந்தைன்னு பஜனையில பாடுவோமே, அதாடா? மனசுல நெனச்சுக்கிட்டே இருக்கறது" என்றார். மனத்தில் நினைத்துக்கொண்டே இருப்பது. காதலுக்கு அதைவிட நல்ல விளக்கம் எந்த அகராதியிலும் நான் பார்த்ததில்லை.

பிற்பாடுதான் முறையாகத் தெரிந்துகொண்டேன். இந்த நான்கு சொற்களும் சமஸ்கிருதத்திலிருந்து மலாய்க்கும் போயின, தமிழுக்கும் வந்தன. நேரடியாகத் தமிழிலிருந்தே மலாய்க்குப் போனவையும் உண்டு. கப்பல் 'காப்பால்' ஆனது. கட்டில் 'காத்தில்' ஆனது. பெட்டி 'பெத்தி' ஆனது. மாப்பிள்ளை 'மெம்பெலாய்' ஆனார். அப்பா நிற்கும் கடை 'கெடாய்' ஆனது. நான் பயந்து நடுங்கிய மொழியில் என் வீட்டுச் சாமான்கள் பாதி ஏற்கெனவே இருந்தன. பல நூற்றாண்டுகளுக்கு முன் கப்பலேறி வந்த வணிகர்கள் அவற்றை இங்கே இறக்கி வைத்துவிட்டார்கள். யு.பி.எஸ்.ஆரில் டி வாங்கிய பையனுக்கு இது பெரிய ஆறுதல்.

அடுத்த வாரம் பாக் சுவிடம் தட்டுத்தடுமாறி அர்த்தம் சொன்னேன். பாதிதான் சரி. ஆனாலும் அவர் கேசட்டைக் கொடுத்துவிட்டார். அன்று கூடை ஏற்றிக்கொண்டே தன் இளமைக் கதையையும் சொன்னார். அந்தப் பாடல் வந்தபோது அவருக்கும் தோள் வரை முடியாம். 1990களின் தொடக்கத்தில், நீண்ட முடி வைத்த ராக் கலைஞர்கள் ஆர்.டி.எம். நிகழ்ச்சிகளில் தோன்றக் கூடாது என்ற நிலை வந்தது. தகவல் அமைச்சராக முகமட் ரஹ்மாட் இருந்த காலம் அது. ஏமி முடியை வெட்டிக்கொண்டார் என்று தெரிந்த மறுநாள் தானும் போய் வெட்டிக்கொண்டதாகச் சொன்னார் பாக் சு. "முடி போச்சு. பாட்டு போகலையே" என்று சிரித்தார். இந்தக் கதை முழுவதையும் அவர் மலாயில்தான் சொன்னார். நான் முழுவதையும் புரிந்துகொண்டேன் என்பது வீட்டுக்குள் போன பிறகுதான் எனக்கே உறைத்தது.

பிரிந்தார்களா, பிரித்தார்களா?

மலாய்மொழியில் நம் மாணவர்களுக்கு அதிகம் தொல்லை தருவது முன்னொட்டு, பின்னொட்டுகள். எனக்கும் அப்படித்தான். ஆனால் அந்தப் பாடலில் 'தெர்பிசாஹ்' என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். வேர்ச்சொல் 'பிசாஹ்'. பிரிதல் என்று பொருள். அதை வைத்து நான் ஒரு சிறு பட்டியல் போட்டேன். இன்றும் தம்பி தங்கைகளுக்கு அதையே சொல்லித்தருகிறேன்.

'பெர்பிசாஹ்' என்றால் பிரிந்தார்கள். 'மெமிசாஹ்கான்' என்றால் பிரித்தார்கள். 'பெர்பிசாஹான்' என்றால் பிரிவு. தமிழில் நாம் 'பிரிந்தான்' என்பதற்கும் 'பிரித்தான்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் குழந்தையிலேயே கற்றுவிடுகிறோம். அதே வேலையை மலாய்மொழி ஒட்டுகளால் செய்கிறது. இதில் 'தெர்' என்ற ஒட்டுதான் நுட்பமானது. 'தெர்பிசாஹ்' என்றால் பிரிந்துபோன நிலை. தாமாக விரும்பிச் செய்யாமல் அப்படி நேர்ந்துவிட்டது என்ற தொனியும் அதில் உண்டு. அதே பாடலில் 'தெர்பக்சா' என்ற சொல்லும் வரும். வேறு வழியில்லாமல், கட்டாயத்தால் என்று பொருள். அந்தப் பாடலின் சோகம் முழுவதும் அந்த ஒரு முன்னொட்டில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

புகுமுக வகுப்பின் கடைசிப் பருவத்தில் வாய்மொழிப் பயிற்சி வந்தது. விரும்பிய தலைப்பில் மூன்று நிமிடம் பேச வேண்டும். மற்றவர்கள் 'என் குடும்பம்', 'என் பொழுதுபோக்கு' என்று பேசினார்கள். நான் 'இசபெல்லா' என்றதும் வகுப்பு சிரித்தது. பேசத் தொடங்கியபோது என் உச்சரிப்பைக் கேட்டு இன்னும் சிரித்தது. மனப்பாடம் செய்த வாக்கியங்கள் இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிட்டன. அந்தக் கடைசி ஒரு நிமிடம் போல நீளமான நேரத்தை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

மலாய்மொழி ஆசிரியை என்னை உட்காரச் சொல்லவில்லை. ஒரு கேள்வி கேட்டார். "அந்த இருவரையும் பிரித்தது யார்?"

கேள்வியில் அவர் சொன்னது 'மெமிசாஹ்கான்'. என் பட்டியல் கண்முன் வந்தது. "யாரும் பிரிக்கவில்லை, டீச்சர். பாடலில் மெமிசாஹ்கான் இல்லை, தெர்பிசாஹ்தான். அவர்களாகவும் பிரியவில்லை. வழக்கம் வேறு, அதன் காரணத்தால் அப்படி ஆகிவிட்டது" என்று மலாயில் சொன்னேன். எத்தனை பிழைகளோடு சொன்னேனோ தெரியாது. ஆனால் அது மனப்பாடம் செய்ததில்லை. என் தலைக்குள் அந்த நொடியில் உருவான முதல் மலாய் வாக்கியங்கள் அவை.

ஆசிரியை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு வகுப்பைப் பார்த்து, "இலக்கணப் புத்தகத்தில் இந்தப் பாடம் எத்தனையாவது பக்கம் என்று யாராவது சொல்லுங்கள்" என்றார். யாருக்கும் தெரியவில்லை. சிரிப்பு நின்றிருந்தது. அன்று மாலை பேருந்தில் நான் பழைய நண்பர்களுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

பாடல் மட்டும் போதாது

இதைப் படித்துவிட்டு, பாட்டு கேட்டால் போதும், பாடநூல் வேண்டாம் என்று யாரும் முடிவு செய்துவிடாதீர்கள். நான் அந்தத் தவற்றையும் செய்தவன்தான். படிவம் இரண்டில் சுற்றுச்சூழல் பற்றிய கட்டுரை ஒன்றைப் பாடல் மொழியில் எழுதி வைத்தேன். மரங்கள் எல்லாம் காதலியைப் பிரிந்தவை போல வாடின. ஆசிரியை தாள் முழுவதும் சிவப்பு மையால் கோடு போட்டு, "ஆறு பாவம், அதை அழவிடாதே, அதன் நீர் ஏன் கெட்டது என்று சொல்" என்று எழுதியிருந்தார். பாடலில் சொற்களின் வரிசை மாறும். ஒட்டுகள் சில நேரம் விழுந்துபோகும். ராகத்துக்காகச் சொல் நீளும். கட்டுரைக்கு அது உதவாது.

பாடல் எனக்குச் செய்தது வேறு. அது பயத்தை எடுத்தது. பயம் போன பிறகு, நாளிதழ் படிக்கவும் கட்டுரை எழுதவும் மனம் தானாக இடம் கொடுத்தது. மொழி கற்க விரும்பும் மாணவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன். உங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பாடல்கள் வேண்டாம். முதலில் வரிகளைப் பார்க்காமல், காதில் விழுவதை எழுதுங்கள். பிறகு உண்மையான வரிகளோடு ஒப்பிடுங்கள். எங்கே தவறாகக் கேட்டீர்களோ அங்கேதான் உங்கள் பாடம் இருக்கிறது. ஒவ்வொரு சொல்லின் வேர்ச்சொல்லையும் கண்டுபிடித்து, அதன் குடும்பத்தை எழுதுங்கள். அந்தச் சொல்லுக்குத் தமிழில் உறவு இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக, பாடலின் கதையை உங்கள் சொந்த வாக்கியங்களில் ஒரு பக்கத்துக்கு எழுதி, ஆசிரியரிடம் காட்டித் திருத்துங்கள். இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டால் மற்றவை வெறும் பொழுதுபோக்குதான்.

எஸ்.பி.எம். தேர்வில் மலாய்மொழியில் தேர்ச்சி இல்லாமல் சான்றிதழே இல்லை. கிரெடிட் இல்லாமல் அரசாங்கப் பல்கலைக்கழகத்தின் கதவு திறக்காது. இது நம் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. 2004-இல் எனக்குக் கிடைத்தது 4பி. பிரமாதமான மதிப்பெண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தாளை அப்பா கடைக்கு வந்த எல்லாருக்கும் காட்டினார். "பையன் மலாய்ல பாஸ்" என்று மலாய்க்காரர்களிடம் மலாயிலேயே சொன்னார்.

மொழியைக் கற்றால் நம் மொழி போய்விடுமோ என்ற அச்சம் சில வீடுகளில் உண்டு. பினாங்கில் பிறந்த 'அலிகேட்ஸ்' குழுவின் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்கள் மலாயில் பாடித்தான் நாடு முழுவதும் வீடு வீடாக நுழைந்தார்கள். அவர்கள் பெயரில் ஆறுமுகம் அப்படியே இருந்தது. 2006-இல் யோகி பி-யும் நட்சத்ராவும் 'வல்லவன்' ஆல்பத்தைத் தமிழில் தந்தபோது, அமெரிக்காவில் பிறந்த ஹிப் ஹாப் நம் வீட்டுப் பிள்ளைபோல் பேசியது. இசை எங்கிருந்தும் வரலாம். மலாய் ஹெவி மெட்டலைக் கேட்டதால் என் தமிழ் குறையவில்லை. மாறாக, 'சிந்தை' என்ற சொல்லைப் பாட்டியிடமிருந்து எனக்கு வாங்கிக்கொடுத்ததே அந்தப் பாடல்தான்.

மறுபடியும் கியா பார்மில்

இப்போது நான் வேலை செய்வது கோலாலம்பூரில். நாள்தோறும் மலாயில் அறிக்கை எழுதுவதே என் வேலை. போன முறை ஊருக்குப் போனபோது மாலையில் கடையில் நின்றேன். பாட்டி இல்லை. பாக் சு லோரி ஓட்டுவதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. கூடை ஏற்றுவது இப்போது வங்காளதேசத்திலிருந்து வந்த ஓர் இளைஞர். பக்கத்துக் கடையில் யாரோ கைப்பேசியில் 'இசபெல்லா'வைப் போட்டிருந்தார்கள். அவர் கூடையைத் தூக்கிக்கொண்டே கூடவே முணுமுணுத்தார். ராகம் சரி, வார்த்தைகள் பாதி தவறு.

"அர்த்தம் தெரியுமா?" என்று மலாயில் கேட்டேன்.

தலையாட்டினார். நான் ஒரு சொல்லை மட்டும் எடுத்து, "கெரானா என்றால் என் மொழியில் காரணம்" என்றேன்.

அவர் கூடையைக் கீழே வைத்தார். "காரோன்?" என்றார் வியப்போடு. "எங்கள் வங்காள மொழியிலும் அதேதான், அண்ணே!"

லோரி கிளம்ப நேரமாகிவிட்டது என்று அப்பா குரல் கொடுத்தார். இன்னும் ஏழு கூடைகள் மீதமிருந்தன. நாங்கள் இருவரும் சேர்ந்து ஏற்றினோம். 'சிந்தா'வுக்கு உங்கள் மொழியில் என்ன என்று அவரிடம் கேட்டேன்.